முந்திரிக்கு வளைகாப்பு

திருமயத்தில் ரஞ்சிதாவிடம் ஜாக்கெட் தைக்காத பெண் என்றால் ஒன்று வெளியூர்க்காரியாக இருக்க வேண்டும், இல்லை ரஞ்சிதாவோடு சண்டை போட்டவளாக இருக்க வேண்டும். சண்டை போட்டவளும் தீபாவளி நெருங்கினால் வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுத் துணியோடு வந்து நிற்பாள். கை அப்படி. ஆளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தால் போதும், கத்தரிக்கோலுக்கு வழி தெரிந்துவிடும். வாய்தான் கொஞ்சம் காரம். "கழுத்த இம்புட்டு எறக்கி வச்சிட்டு, அப்பறம் முந்தானைய இழுத்து இழுத்து மூடுறதுக்கு எதுக்குடி எறக்கணும்?" என்று ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் துணியைக் கையில் வாங்குவாள்.

அவளுக்கு இன்னொரு பெயரும் உண்டு, வளைகாப்பு ஜாக்கெட் என்றால் ரஞ்சிதா. மாசமாக இருக்கிற பெண்ணுக்குக் கை வீங்கும், மார் ஏறும், அளவெடுத்த நாளுக்கும் போடுகிற நாளுக்கும் உடம்பு ஒன்றாக இருக்காது. அதையெல்லாம் முன்கூட்டியே நினைத்து உள்பக்கம் துணியைத் தாராளமாக விட்டு, கொக்கியை இரண்டு வரிசையாக வைத்துத் தைப்பாள். அவள் தைத்ததைப் போட்டுக்கொண்டு மனையில் உட்கார்ந்த பெண் மூச்சுத் திணறினாள் என்ற பேச்சே கிடையாது.

தைத்த வீட்டிலிருந்தெல்லாம் அழைப்பும் வரும். போவாள். சந்தனம் பூசி வளையல் போடுகிற நேரம் வந்ததும், "புள்ள பெத்தவங்கள்லாம் முன்னாடி வாங்க" என்று யாராவது ஒரு பெரியம்மா குரல் கொடுப்பார். ரஞ்சிதா அப்போது பந்திப் பக்கம் நகர்ந்து இலை போட ஆரம்பித்துவிடுவாள். நீ போ என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய சங்கடத்தை அவள் யாருக்கும் வைத்ததில்லை. அவளுக்குப் பிள்ளை இல்லை. இனி பிறக்கவும் வழியில்லை, கருப்பையை எடுத்துவிட்டார்கள்.

புருஷன் ராக்கன் லோடு ஆட்டோ ஓட்டுகிறவன். நல்ல மனுஷன், ஆனால் வாயில் கொழுக்கட்டை. ஆறு வருஷத்துக்கு முன்னால் கந்தர்வக்கோட்டைப் பக்கம் லோடு இறக்கப் போனவன், முந்திரிக்காட்டு ஓரத்தில் மழையில் நனைந்து கத்திக்கொண்டிருந்த ஒரு நாய்க்குட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தான். வீட்டுக்கு வந்து தையல் மெஷின் பக்கத்தில் இறக்கிவிட்டு, "முந்திரிக்காட்டுல கெடந்துச்சு" என்று மட்டும் சொன்னான். அன்றைக்கு அவன் பேசிய பேச்சே அவ்வளவுதான். அதிலிருந்தே பெயரும் கிடைத்துவிட்டது.

முந்திரி பொட்டை. வறுத்த முந்திரிப் பருப்பின் நிறம், ஒரு காது மட்டும் மடிந்திருக்கும். ரஞ்சிதா அதைக் கண்ணுக்குள் வைத்து வளர்த்தாள் என்றால் அது வெறும் பேச்சில்லை. பெற்ற பிள்ளைக்கே தடுப்பூசித் தேதியை மறந்துபோகிறவர்கள் உண்டு. ரஞ்சிதா மறக்க மாட்டாள். வருஷா வருஷம் வெறிநோய்க்கான ஊசி, அதோடு மற்ற ஊசிகள், இட்லித் துண்டுக்குள் மறைத்து வைத்துக் கொடுக்கிற பூச்சி மாத்திரை, ஞாயிற்றுக்கிழமை மடியில் போட்டு உண்ணி பார்ப்பது என்று ஒன்று தவறாது. "நாயத் தூக்கிட்டு மாட்டாஸ்பத்திரிக்குப் போறா பாரு" என்று தெருவில் சிரித்தார்கள். "ஒரு ஊசிக்கே சிரிக்கிறீங்களே, இது ஒங்களக் கடிச்சு வச்சா ஒங்களுக்கு எத்தன ஊசி தெரியுமா?" என்று ஒரு போடு போட்டாள். சிரிப்பு அடங்கிவிட்டது.

மாட்டாஸ்பத்திரி என்று ஊர் சொல்கிற கால்நடை மருந்தகத்தில் ஹேமா என்ற டாக்டரம்மா இருந்தார். அவருக்கும் ரஞ்சிதாதான் டெய்லர். ஊசி போடப் போகும்போதெல்லாம் டாக்டரம்மா ஒரே பாட்டைப் பாடுவார். "ரஞ்சிதாக்கா, குட்டி வேணாம்னா இப்பவே ஆபரேஷன் பண்ணிருவோம். வேணும்னாலும் ஒரு ஈத்துக்கு அப்பறம் பண்ணிருவோம். வயசாக ஆக கருப்பையில சீழ் புடிக்கும்க்கா. அப்பறம் அவசரத்துல பண்றதுக்கு இப்ப நல்லா இருக்கயிலயே பண்றது நல்லது."

"பாப்பம் டாக்டரம்மா, இந்த வருசம் போகட்டும்" என்பாள் ரஞ்சிதா. எல்லாவற்றுக்கும் முதல் ஆளாக ஓடுகிறவள், இந்த ஒன்றில் மட்டும் தலைகீழாக நின்றாலும் அசைய மாட்டாள். வாயில்லா ஜீவனின் வயிற்றை அடைக்க நான் யார் என்று அவளுக்கு ஒரு நினைப்பு. தனக்குக் கிடைக்காதது இதற்காவது கிடைக்கட்டுமே என்ற ஆசையும் அதற்குள் இருந்தது. வெளியே சொல்ல மாட்டாள்.

முந்திரியோ வருஷங்கள் போயும் குட்டி போட்ட பாடில்லை. எதிர்வீட்டுத் தனலட்சுமி ஒருநாள், "மலட்டு நாய்க்கு இம்புட்டுச் சீராட்டா?" என்று சொல்லிவிட்டாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். அந்தத் தீபாவளிக்கு அவள் துணி கடைசிவரை தைக்கப்படாமல் பையிலேயே இருந்தது.

இந்த நிலையில்தான் போன கார்த்திகையில் முந்திரி பருவத்துக்கு வந்தது. தெருவில் இருந்த ஆண் நாய்களெல்லாம் ரஞ்சிதா வீட்டு வாசலில் மாநாடு போட்டன. மார்கழி பாதியில் முந்திரியின் வயிறு லேசாக மேடு தட்டியது. சாப்பாட்டில் மனம் இல்லை. காலையில் எழுந்ததும் ஓங்கரித்து நுரையாகக் கக்கியது. ஊரே போர்வைக்குள் நடுங்குகிற குளிரில் அது வாளி வாளியாகத் தண்ணீர் குடித்தது.

"அடி ஆத்தீ, மசக்கைடி!" என்றாள் ரஞ்சிதா. முந்திரியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள். ராக்கனுக்குப் போன் போட்டாள். அவன் காரைக்குடிப் பக்கம் லோடோடு நின்றுகொண்டிருந்தான். "சரி" என்றான். சாயங்காலம் வரும்போது யாரும் சொல்லாமலே ஒரு பால் பாக்கெட் கூடுதலாக வாங்கி வந்தான்.

ஒரு தும்மலுக்கே டாக்டரம்மாவிடம் ஓடுகிற ரஞ்சிதா இந்தத் தடவை போகவில்லை. மாசமாக இருக்கையில் ஊசி மருந்து ஆகாது என்று அவளுக்கு எண்ணம். வளைகாப்பு ஜாக்கெட் தைக்கத் தைக்க, கர்ப்பிணிகள் பேசுகிற பேச்சையெல்லாம் கேட்டுக் கேட்டு ஊறியவள் அல்லவா? டாக்டரம்மா பார்த்தால் ஊசியை எடுத்துவிடுவார் என்று பயந்து, முந்திரியை அந்தப் பக்கமே கூட்டிப் போகாமல் வைத்திருந்தாள். அக்கறை இல்லாதவள் செய்கிற தப்பு ஒரு மாதிரி இருக்கும், அக்கறை முற்றியவள் செய்கிற தப்பு இன்னொரு மாதிரி இருக்கும். இது இரண்டாவது.

அதோடு நிற்கவில்லை. முந்திரிக்கு வளைகாப்புச் செய்வது என்று முடிவு கட்டிவிட்டாள். மார்கழியில் நல்லது எதுவும் செய்யக்கூடாது, தை பிறக்கட்டும் என்று காத்திருந்தாள். அந்த நாட்களில் முந்திரி இளைத்தது, வயிறு மட்டும் பெருத்தது. "தாய்க்கு இல்லாமக் குட்டிக பூராத்தையும் இழுத்துக்குதுக" என்று ரஞ்சிதா அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தாள்.

தை முதல் வெள்ளிக்கிழமை காலையில் வளைகாப்பு நடந்தது. புளிச்சோறு, எலுமிச்சைச் சோறு, தேங்காய்ச் சோறு, தயிர்ச்சோறு, சர்க்கரைப் பொங்கல். கண்ணாடி வளையல் உடைந்து குத்திவிடும் என்று பிளாஸ்டிக் வளையலாக வாங்கி, சிவப்பு நாடாவில் கோர்த்து வைத்திருந்தாள். தெருப் பெண்கள் வந்தார்கள். பாதிப் பேர் கேலி செய்ய வந்தவர்கள்தான், ஆனாலும் தட்டில் பூவும் பழமும் வைத்துக்கொண்டுதான் வந்தார்கள். தனலட்சுமியும் வந்தாள், மகள் சுபஸ்ரீயைக் கூட்டிக்கொண்டு. "நான் அன்னைக்கிச் சொன்னத மனசுல வச்சுக்காத ரஞ்சிதா. என் வாயில சனி" என்றாள்.

"புள்ள பெத்தவங்க முன்னாடி வாங்க" என்று இந்த வளைகாப்பில் யாரும் குரல் கொடுக்கவில்லை. முதல் வளையலை ரஞ்சிதாவே போட்டாள். முந்திரியின் நெற்றியில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, வளையல் கோர்த்த நாடாவைக் கழுத்தில் கட்டினாள். ஒரு வளைகாப்பில் அவள் முன்னால் நின்றது அதுதான் முதல் தடவை. கூடி நின்ற பெண்களில் யாருக்கும் அப்போது கேலி வரவில்லை. இரண்டு பேர் மூக்கை உறிஞ்சினார்கள்.

முந்திரி சர்க்கரைப் பொங்கலை முகர்ந்துகூடப் பார்க்கவில்லை. தள்ளாடி எழுந்து வாளிப் பக்கம் போய், தலையைத் தூக்காமல் தண்ணீரைக் குடித்தது. திரும்பி வந்து மனை மேலேயே கக்கிவிட்டு, ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. சுபஸ்ரீ இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து, "முந்திரி அக்காவுக்கு வளைகாப்பு" என்று எழுதி வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள்.

சுபஸ்ரீ வீட்டுப் பசுவுக்கு மருந்து வாங்கின வகையில் டாக்டரம்மாவின் நம்பர் அவள் போனிலும், அவள் நம்பர் டாக்டரம்மாவின் போனிலும் இருந்தன. ஒரு கன்றுக்குட்டிக்கு மருந்து கொடுத்துவிட்டுக் கை கழுவி வந்த டாக்டரம்மா, போனைத் திறந்தவர் அந்த வீடியோவைப் பார்த்தார். முதலில் சிரித்தார். இரண்டாம் தடவை பார்க்கும்போது சிரிக்கவில்லை. ரஞ்சிதாவைக் கூப்பிட்டார்.

"ரஞ்சிதாக்கா, முந்திரி எத்தன நாளா இப்பிடித் தண்ணி குடிக்கிது?"

"மார்கழி பாதியிலருந்துங்க. மசக்கைல்லங்க டாக்டரம்மா."

"சாப்புடுதா?"

"மசக்கையில எங்கங்க சாப்பாடு எறங்கும்?"

"அக்கா, நாய்க்கு இத்தன நாள் அப்பிடியெல்லாம் மசக்கை இருக்காது. மடியில பால் எறங்கிருக்கா? வயித்துல கைய வச்சா குட்டி அசையிறது தெரியுதா?"

ரஞ்சிதா போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு முந்திரியின் வயிற்றில் கை வைத்தாள். சூடாக, இறுக்கமாக இருந்தது. எதுவும் அசையவில்லை. முந்திரி வலியில் முனகியது.

"இல்லீங்க" என்றாள்.

"அள்ளிட்டு வாங்க. பந்தியெல்லாம் கெடக்கட்டும். இப்பவே வாங்க."

ராக்கன் அன்று லோடுக்குப் போகாமல் பந்திக்கு வாழையிலை கழுவிக்கொண்டிருந்தான். இலையைப் போட்டுவிட்டு, முந்திரியை அப்படியே கழுத்து வளையலோடு தூக்கிக்கொண்டு ஆட்டோவுக்கு ஓடினான். ரஞ்சிதா பின்னால் ஏறி, முந்திரியின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அதில் எச்சிலும் சந்தனமும் அப்பியதை அவள் கவனிக்கவில்லை.

மருந்தகத்தில் டாக்டரம்மா முந்திரியின் உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். வெளுத்திருந்தது. காய்ச்சலும் இருந்தது. உடனே குளுக்கோஸ் ஏற்றினார், ஒரு ஊசி போட்டார். "நான் பயந்த மாதிரிதான் இருக்கு. ஆனா ஸ்கேன் பாத்தாத்தான் முடிவாச் சொல்ல முடியும். இங்க அந்த வசதி இல்ல. புதுக்கோட்டைக்குப் போயிருங்க, நான் போன் பண்ணிச் சொல்றேன்" என்றவர், முந்திரியை இன்னொரு தடவை பார்த்தார். "இல்ல, நானே வாரேன்" என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தார்.

முன்னால் லோடு ஆட்டோ, பின்னால் டாக்டரம்மாவின் ஸ்கூட்டி. ரஞ்சிதா ஒரு கையால் குளுக்கோஸ் பாட்டிலை உயர்த்திப் பிடித்திருந்தாள். நமணசமுத்திரம் தாண்டுகிறவரைக்கும் அவள் முந்திரியிடம் குட்டிகளைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். "ஒண்ணும் ஆகாதுடி. ஒன் புள்ளைகளுக்கும் ஒண்ணும் ஆகாது. டாக்டரம்மா இருக்காக."

புதுக்கோட்டை கால்நடை ஆஸ்பத்திரியில் முந்திரியின் வயிற்றில் கொஞ்சம் முடியை மழித்து, பசை தடவி, ஸ்கேன் கருவியை வைத்தார்கள். டாக்டரம்மா திரையைக் காட்டினார். "அக்கா, குட்டி இருந்தா இந்நேரம் முதுகெலும்பு மணி கோத்த மாதிரி தெரியும். நெஞ்சு துடிக்கிறது தெரியும். இங்க பாருங்க, கறுப்புக் கறுப்பா பை மாதிரி. இது பூராம் சீழ். கருப்பை முழுக்க சீழ் வச்சிருக்கு."

ரஞ்சிதா திரையையே பார்த்தாள். "ஒண்ணு கூடவா இல்ல?" என்று கேட்டாள்.

"ஒண்ணு கூட இல்லக்கா. இது கர்ப்பமே இல்ல."

அவள் முந்திரியின் கழுத்திலிருந்த வளையல் நாடாவை அவிழ்த்தாள். முடிச்சு இறுகியிருந்தது, பல்லால் கடித்து அவிழ்த்தாள்.

"கருப்பைய எடுத்துரணும்க்கா. இன்னைக்கே எடுக்கணும். அது உள்ளயே ஒடஞ்சுட்டா, சீழ் ரத்தத்துல கலந்துட்டா, அப்பறம் கைய விட்டுப் போயிரும்" என்றார் டாக்டரம்மா.

"மருந்து குடுத்துக் கரைக்க முடியாதாங்க?"

"இந்த நெலமையில முடியாதுக்கா. ஆபரேஷன்லயும் ஆபத்து இருக்கு, ஒடம்பு ரொம்ப வீக்கா இருக்கு. ஆனா பண்ணலன்னா பொழைக்காது. நீங்க சரின்னு சொன்னா உள்ள கொண்டு போயிருவோம்."

ரஞ்சிதாவின் வாயிலிருந்து அந்தச் 'சரி' வரவில்லை. தலையை ஆட்டி ஆட்டி, "வேணாங்க. அத எடுக்காதீங்க. வேற எதுன்னாலும் செய்ங்க" என்றாள். டாக்டரம்மா ராக்கனைப் பார்த்தார். "அண்ணே, நீங்களாச்சும் சொல்லுங்க. நேரமாகுது."

ரஞ்சிதாவும் திரும்பி ராக்கனைப் பார்த்தாள். பார்த்த பார்வையில் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயதில் ஏழாம் மாதத்தில் பிள்ளை வயிற்றிலேயே போய்விட்டது. ரத்தப்போக்கு நிற்கவில்லை. அவளுக்கு நினைவு தப்பியபிறகு டாக்டர்கள் ராக்கனைக் கேட்டார்கள், அவன் கையெழுத்துப் போட்டான், கருப்பையை எடுத்துவிட்டார்கள். கண் விழித்தபோது பக்கத்தில் அவன் இல்லை. நர்ஸ்தான் விஷயத்தைச் சொன்னாள். அதற்குப்பின் அவர்கள் நன்றாகத்தான் வாழ்ந்தார்கள். அவள் சமைத்தாள், சிரித்தாள், அவனுக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி வைத்துக் கொடுத்தாள். இந்த ஒன்றைப் பற்றி மட்டும் அவளும் கேட்டதில்லை, அவனும் சொன்னதில்லை. என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்பது அவள் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது.

ராக்கன் சட்டை நுனியைக் கசக்கிக்கொண்டு நின்றான். பிறகு பேசினான். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசி ரஞ்சிதா கேட்டதில்லை.

"என்னால முடியாது ரஞ்சிதம். அன்னைக்கி நீ நெனவில்லாமக் கெடந்த. ஒன்னயக் கேக்க வழியில்ல. நான்தான் சொன்னேன். சொல்லிட்டு, அப்பறம் ஒன் மொகத்த நேராப் பாக்க எனக்குத் தைரியம் வரல. நீ முழிச்சப்ப நான் ஆஸ்பத்திரி வாசல்லதான் ஒக்காந்திருந்தேன். உள்ள வரப் பயந்துக்கிட்டு. இன்னொருக்கா நான் சொல்ல மாட்டேன். இது ஒன் புள்ள. நீயே சொல்லு."

ரஞ்சிதா முந்திரி பக்கம் திரும்பினாள். மேஜையில் ஒருக்களித்துக் கிடந்தது. மடிந்த காது இன்னும் மடிந்தபடி. கண் பாதி மூடியிருந்தது. முந்திரி, உனக்கு என்னடி வேணும் என்று கேட்கலாம். கேட்டால் அது என்ன சொல்லும்? நினைவு தப்பிக் கிடந்த தன்னைக் கேட்டிருந்தால் தான் மட்டும் என்ன சொல்லியிருப்போம் என்று அவளுக்குத் தோன்றியது. அன்றைக்கு இந்த மனுஷன் நின்ற இடத்தில் இன்றைக்குத் தான் நிற்பது அவளுக்கு உறைத்தது. அங்கே நின்றால் குட்டியும் தெரியவில்லை, கருப்பையும் தெரியவில்லை. மேஜை மேல் மூச்சு வாங்கிக்கொண்டு கிடக்கிற முந்திரி மட்டும்தான் தெரிந்தது.

"எடுத்துருங்க டாக்டரம்மா" என்றாள். "எனக்கு முந்திரி வேணும்."

உள்ளே கொண்டுபோனார்கள். கதவைச் சாத்தினார்கள். வெளியே பெஞ்சில் வயர்கூடைக்குள் ஒரு பூனையை வைத்து, மேலே துண்டைப் போட்டு மூடிக்கொண்டு ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஞானமணி என்று பேர் சொன்னார். பூனைக்கு வருஷ ஊசி போட வந்தவர். ரஞ்சிதா அழுவதைப் பார்த்து என்ன ஏது என்று விசாரித்துவிட்டு, கூடையைத் தட்டிக் காட்டினார். "எங்க வீட்டுக்காரிக்குச் சின்னதுலயே அந்த ஆபரேஷன் பண்ணியாச்சு. அதுபாட்டுக்கு எலி புடிக்கிது, என் கட்டுல்லயே காலப் பரப்பிக்கிட்டுத் தூங்குது. ஒரு கொறையும் இல்ல. ஒங்க புள்ளையும் நல்லா வந்துரும்மா, கர்த்தர் கைவிட மாட்டாரு" என்றார். பூனை கூடைக்குள்ளிருந்து ஒரு குரல் கொடுத்து அதை ஆமோதித்தது. ரஞ்சிதாவுக்கு அழுகைக்கு நடுவில் சிரிப்பு வந்துவிட்டது.

வெயில் தாழ்கிற நேரத்தில் டாக்டரம்மா வெளியே வந்தார். நெற்றியெல்லாம் வேர்வை. "முடிஞ்சிருச்சுக்கா. நல்லபடியா எடுத்தாச்சு. ரெண்டு நாள் கழிச்சு வந்திருந்தீங்கன்னா நான் ஒண்ணும் பண்ணிருக்க முடியாது" என்றார். ரஞ்சிதா அவர் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நீங்க வருசா வருசம் சொன்னீங்க. நான்தான் கேக்கல. பாவி, ஒரு நல்ல நாள் பாத்து அதக் கொல்லப் பாத்தேன்" என்று குலுங்கி அழுதாள்.

"இப்பக் கொண்டு வந்துட்டீங்கள்ல, விடுங்க. மயக்கம் தெளிய நேரமாகும். அதுவரைக்கும் வெளிய இருங்க."

"இல்லீங்க, நான் உள்ள இருக்கேன். முழிக்கிறப்ப யாராச்சும் பக்கத்துல இருக்கணுங்க."

சொல்லிவிட்டு உள்ளே போய் முந்திரி பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவள் சொன்னது கதவோரம் நின்ற ராக்கனுக்கும் கேட்டது. அவன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான். பிறகு உள்ளே வந்து முந்திரிக்கு அந்தப் பக்கம் அவனும் தரையில் உட்கார்ந்தான். முந்திரி விழித்தது. தலையைத் தூக்க முடியாமல் கண்ணை மட்டும் உருட்டி இரண்டு பேரையும் பார்த்தது. வாலின் நுனி தரையில் லேசாகத் தட்டியது.

அடுத்த நாட்களில் ரஞ்சிதா மெஷினில் உட்காரவே இல்லை. மாத்திரை, காயத்துக்கு மருந்து, வேக வைத்த கோழி, கஞ்சி என்று முந்திரியே வேலையாகிப் போனது. தையலை நக்காமல் இருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டச் சொன்னார் டாக்டரம்மா. முந்திரி அதை மாட்டிக்கொண்டு சுவர் சுவராக முட்டியது. ரஞ்சிதாவுக்குப் பொறுக்கவில்லை. லைனிங் துணியில், நான்கு காலுக்கும் ஓட்டை விட்டு, முதுகில் நாடா வைத்து, வயிற்றை மூடுகிற மாதிரி ஒரு சட்டை தைத்துவிட்டாள். டாக்டரம்மா அதைப் பார்த்து, "அக்கா, இதையே எல்லாத்துக்கும் தச்சுக் குடுங்க, நான் ஆள் அனுப்புறேன்" என்றார். இப்போது ரஞ்சிதா கடையில் வளைகாப்பு ஜாக்கெட்டுக்குப் பக்கத்தில் நாய்ச்சட்டையும் தொங்குகிறது.

தனலட்சுமி வீட்டில் ஒரு பொட்டைக்குட்டி வளர்கிறது. அது வளர வளர ரஞ்சிதா எதிர்வீட்டு வாசலில் போய் நின்றுகொண்டு, "ஊசி போட்டாச்சா? ஆபரேஷனுக்கு என்னைக்கிக் கூட்டிட்டுப் போற? நல்ல நாளும் வேணாம், கெட்ட நாளும் வேணாம். நல்லா இருக்கயிலயே செஞ்சிரு. என்னய மாதிரி நாள் பாத்துக்கிட்டு நிக்காத" என்று நச்சரித்து எடுத்துவிட்டாள். கடைசியில் தனலட்சுமி தொல்லை தாங்காமலேயே கூட்டிக்கொண்டு போனாள்.

இதற்கெல்லாம் முன்னால், முந்திரிக்குத் தையல் பிரித்த அன்று புதுக்கோட்டைக்குப் போய்விட்டுத் திரும்பினார்கள். காயம் ஆறிவிட்டது, இனி பயமில்லை என்று அங்கே சொல்லியிருந்தார்கள். முந்திரி பின்னால் நின்றுகொண்டு, காற்றில் காது பறக்க வந்தது. நமணசமுத்திரத்தில் ராக்கன் வண்டியை ஓரம் கட்டி டீ வாங்கினான். டீயைக் கையில் வைத்துக்கொண்டே ரஞ்சிதா கேட்டாள்.

"ஏங்க, அன்னைக்கி டாக்டரு கேட்டப்ப நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னைக்கி?" என்றான். எந்த நாள் என்று அவனுக்குத் தெரியும்.

"என் ஆபரேஷனப்ப."

ராக்கன் டீயை ஊதினான். ஊதிக்கொண்டே இருந்தான். "நீ முந்திரிக்கிச் சொன்னியே, அதத்தான் சொன்னேன்" என்றான் கடைசியில். "எனக்கு ரஞ்சிதம் வேணும்னு சொன்னேன். வேற ஒண்ணும் சொல்லத் தெரியல."

ரஞ்சிதாவுக்குக் கண் நிரம்பி வழிந்தது. கோபம்தான் முதலில் வந்தது. "இத்தன வருசமா இத எங்கிட்டச் சொல்றதுக்கு என்ன? வாயில கொழுக்கட்டையவா வச்சிருந்தீங்க? நான் கெடந்து என்னென்னமோ நெனச்சுக்கிட்டு..." என்று டீக்கடை என்றும் பாராமல் சத்தம் போட்டாள். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீ கேக்கவே இல்லயே" என்றான் ராக்கன்.

ரஞ்சிதா அத்தனை பேர் முன்னாலும் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.